தட்டினால் இறுகும், ஊதினால் இளகும்: கன்டெய்னரிலிருந்து தூள் சரக்கு இறங்கும் விதம்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பாலக்காட்டை அடுத்த கேரள எல்லைப்புறத் தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் பின்முற்றத்தில் நின்று ஒரு கன்டெய்னர் காலியாவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். குஜராத்திலிருந்து கடல்வழியாகக் கொச்சி வல்லார்பாடம் முனையத்துக்கு வந்து, அங்கிருந்து 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குதிரான் சுரங்கப்பாதையைக் கடந்து வந்த இருபதடிப் பெட்டி அது. உள்ளே சலவைத்தூள் தயாரிப்புக்கான சோடா ஆஷ், மூட்டை கட்டாமல் வெறும் தூளாக, ஏறத்தாழ 18 டன் இருந்தது. டிரெய்லரின் ஹைட்ராலிக் தண்டு பெட்டியின் முன்பக்கத்தை மெல்லத் தூக்கியது. சரிவு 40 டிகிரியைத் தொட்ட பிறகும் கதவுப் பக்கத்து வாய்க்குழாயில் ஒரு பிடி தூள்கூட விழவில்லை. இளைஞர் ஒருவர் ரப்பர் சுத்தியலை எடுத்துப் பக்கத் தகட்டைத் தட்டத் தொடங்கினார். முதல் பத்துத் தட்டுக்கு இரண்டு கூடை அளவு கொட்டியது. அதற்குப் பிறகு தட்டத் தட்ட ஒன்றும் வரவில்லை. அருகில் நின்ற வயதான மேஸ்திரி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழில், “தட்டாத தம்பி, தட்டுனா இன்னும் கெட்டிப்படும். மொதல்ல பெட்டிய எறக்கு, அப்புறம் காத்தத் தொற” என்றார்.

பெட்டியைப் பாதிச் சரிவுக்கு இறக்கினார்கள். பிறகு புளோயர் எனப்படும் காற்றூதும் இயந்திரத்தின் வால்வைத் திறந்தார்கள். அரை நிமிடம் வரை ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே விரித்திருந்த பிளாஸ்டிக் உறையின் அடிப்பகுதி மட்டும் ஒரு விரற்கடை உப்பி, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. அடுத்து எங்கோ உள்ளே கனமாக ஏதோ சரிந்த ஓசை கேட்டது. அதன்பின் மடை திறந்ததுபோல் தூள் வந்தது. மேலே தூக்கியபோது வராத சரக்கு, கீழே இறக்கிய பிறகு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், இந்தத் தொழில்நுட்பத்தின் முழு நியாயமும் அதில் அடங்கியிருப்பது தெரியும்.

பார்ப்பவர்கள் பெரும்பாலும் நினைப்பது, காற்று உள்ளே புகுந்து சரக்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான். அது தவறு. தள்ளும் வேலையைச் செய்வது பூமியின் ஈர்ப்பு. துகளுக்கும் துகளுக்கும் இடையே இருக்கும் பிடிப்பைத் தளர்த்துவது மட்டுமே காற்றின் வேலை. இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாத இடங்களில்தான் உறை கிழிகிறது, கதவு பிதுங்குகிறது, அரைப் பெட்டிச் சரக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சில சொற்கள். இருபதடிக் கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம், 2.39 மீட்டர் உயரம். கொள்ளளவு 33 கன மீட்டர். இதற்குள் பாலித்தீன் அல்லது நெய்த பாலிபுரோப்பிலீன் உறை ஒன்றை, ஒரு பெரிய தலையணை உறையைப்போல் விரித்துக் கட்டுகிறார்கள். அதற்குப் பெயர் லைனர். கதவுப் பக்கம் நான்கைந்து இரும்புச் சட்டங்களைக் குறுக்கே பொருத்தி, அவற்றின்மேல் உறையின் முகப்பைத் தாங்க வைக்கிறார்கள். மேலே நிரப்பும் வாய், கீழே இறக்கும் வாய். இத்தகைய உறைகளில் ஒருவகைக்குத் தரையோடு சேர்த்து நுண்துளைத் துணியால் ஆன இரண்டாவது அடுக்கு ஒன்று உண்டு. காற்று அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே செலுத்தப்பட்டு, துணியின் துளைகள் வழியாகத் தூளுக்குள் பரவி ஏறும். நான் பார்த்தது அந்த வகைதான்.

இனி, தூள் ஏன் நின்றுவிடுகிறது என்பது. பாலக்காட்டு வீடுகளின் பத்தாயங்களையோ நம் பக்கத்து நெல் குதிர்களையோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். குதிரின் அடியில் இருக்கும் சிறு வாயைத் திறந்தால் நெல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே ஆளுயரத்துக்கு நெல் இருந்தாலும் வாயில் வைத்த கையை அது நசுக்கிவிடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் உயரம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியத்தில் அப்படி நடப்பதில்லை. எடையின் பெரும்பங்கைச் சுவர்கள் உராய்வின் வழியே தாங்கிக்கொள்கின்றன. இதை 1895இல் ஜெர்மானியப் பொறியாளர் ஜான்சென் அளந்து கணக்காக்கினார். தூளும் தானியமும் திடப்பொருளும் அல்ல, திரவமும் அல்ல என்பதை உணர்த்திய கணக்கு அது.

இரண்டாவது பாடம் சமையலறையில் இருக்கிறது. அரிசி டப்பாவைச் சாய்த்தால் அரிசி ஓடும். ராகி மாவு டப்பாவைச் சாய்த்தால் மாவு அப்படியே நிற்கும், இன்னும் சாய்த்தால் மொத்தமாகப் பொத்தென்று விழும். நெல், கோதுமை, பிளாஸ்டிக் குருணை போன்றவற்றைக் குவித்தால் குவியலின் சரிவு ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரிக்குள் அமையும். பெட்டியை அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாய்த்தால் போதும், சரக்கு தானே இறங்கிவிடும். மாவு, மாவுச்சத்து, சிமென்ட், சோடா ஆஷ் முதலியவற்றில் துகள்கள் மிகச் சிறியவை. துகளின் எடையைவிடத் துகள்களுக்கு இடையேயான ஒட்டும் விசை மேலோங்கிவிடுகிறது. இறக்கும் வாய்க்கு மேலே அவை ஒன்றையொன்று தாங்கி, கோயில் கோபுர வாசலின் வளைவைப்போல் ஒரு வளைவு கட்டிக்கொண்டு நின்றுவிடும். அல்லது வாய்க்கு நேர் மேலே உள்ள தூள் மட்டும் கொட்டி, நடுவே எலி வளைபோல் ஒரு துளை விழுந்து, சுற்றியுள்ளது சுவராக நிற்கும். சுத்தியலால் தட்டியபோது இரண்டு கூடை வந்து நின்றதற்குக் காரணம் இந்த எலி வளைதான். 1960களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கி இந்த வளைவின் வலிமையை அளக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். ஒரு தூளை எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு நேரம் வைத்தால் அது எவ்வளவு வலிமை பெறும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

அந்த ‘எவ்வளவு நேரம்’ என்பது கன்டெய்னருக்கு மிகவும் பொருந்தும். நிரப்பும்போது தூளுக்குள் நிறையக் காற்று இருக்கும். பெட்டி விளிம்பு வரை நிறைந்ததுபோல் தோன்றும். கப்பலின் எஞ்சின் அதிர்வும், அலையின் ஆட்டமும், லாரியின் குலுக்கலும் நாள்கணக்கில் சேர்ந்து அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகின்றன. படி அளக்கும்போது படியைத் தரையில் தட்டினால் மாவு உள்ளிறங்குமே, அதேதான். கொச்சியில் இறங்கும் பெட்டிக்குள் தூளின் மேல்மட்டம் ஒரு சாண் தாழ்ந்திருப்பது வழக்கம். ஆலையின் முற்றத்தில் சுவரைத் தட்டும்போது, பயணத்தில் நடந்த அதே இறுக்கத்தை நாம் தொடர்கிறோம். கீழ்வாய் அடைபட்டிருக்கும் நிலையில் வெளியேற வழியில்லாத தூள், அதிர்வுக்கு ஒரே பதிலாக இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். மேஸ்திரியின் சொல் அனுபவத்தில் பிறந்தது. அறிவியலும் அதையே சொல்லுகிறது.

இழந்த காற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் பரிகாரம். அடியிலிருந்து மெல்லிய காற்றைச் சீராகச் செலுத்தினால், ஒரு கட்டத்தில் மேலேறும் காற்று துகள்களின் எடையைத் தாங்கிக்கொள்ளும். அப்போது துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்க வேண்டிய தேவை நீங்கிவிடுகிறது. உராய்வு ஏறக்குறைய இல்லாமல் போய், தூள் திரவம்போல் நடந்துகொள்ளும். அதன்மேல் ஒரு மரத்துண்டை வைத்தால் மிதக்கும். பாத்திரத்தைச் சாய்த்தால் மேல்மட்டம் கிடைமட்டமாகவே நிற்கும். இந்தக் குணத்தை 1920களில் ஜெர்மனியில் வின்க்ளர் நிலக்கரியை வாயுவாக்கப் பயன்படுத்தினார். 1950களில் அமெரிக்க ரயில் பெட்டிகளில், அடித்தளத்தில் துணி விரித்துக் காற்றூட்டி மாவையும் சர்க்கரையையும் இறக்கும் வகை ஓடத் தொடங்கியது. சிமென்ட் ஆலைகளில் சில டிகிரி சரிவே உள்ள நீண்ட தொட்டிகளில், அடியில் துணி வழியே காற்றூட்டப்பட்ட சிமென்ட் வாய்க்கால் நீர்போல் ஓடும். 1984 முதல் சிமென்ட் உற்பத்தி நடக்கும் வாளையாற்றைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இது அயலான செய்தி அல்ல.

இதற்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கணக்கு மிக எளிது: தூளின் எடையைத் தாங்குமளவு அழுத்தம் இருந்தால் போதும். கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள தூள் 2 மீட்டர் ஆழம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் 1,200 கிலோ நிற்கிறது. அதைத் தாங்க வேண்டிய அழுத்தம் 0.12 பார். அதாவது 1.2 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். நல்ல உடல்வாகு உள்ள ஒருவர் கன்னம் உப்பப் பலமாக ஊதும் மூச்சின் அழுத்தமும் ஏறத்தாழ இதே அளவுதான். லாரிச் சக்கரத்துக்கு அடிக்கும் காற்று 7, 8 பார் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அளவு நிறைய வேண்டும். பெட்டியின் தரைப்பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர். அதன் முழுப் பரப்பிலும் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காற்று ஏற வேண்டுமானால் மணிக்கு 500 கன மீட்டர் காற்று தேவை. குறைந்த அழுத்தம், மிகுந்த அளவு, சீரான பரவல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இதைக் கொடுப்பது புளோயர்.

பட்டறைக் கம்ப்ரசரால் இது ஆகாது. எங்கள் பகுதியில் நான் அதிகமாகப் பார்த்த தவறு இதுவே. லைனருக்குள் ஒரு குழாயை நுழைத்து 7 பார் காற்றைப் பாய்ச்சுகிறார்கள். காற்று, வலுவான இடத்தை விட்டு வலுவற்ற ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, அதன் வழியே சீறிக்கொண்டு மேலேறிப் போய்விடும். சுற்றியுள்ள தூள் அசைவதில்லை. போதாததற்கு உறை கிழியும், தூசி மண்டும். ஒருமுறை ஒரு முற்றத்தில் இப்படிக் கிழிந்த உறையிலிருந்து தூள் பெட்டியின் தகட்டு மடிப்புகளுக்குள் போய்ச் சேர்ந்ததை அள்ளி எடுக்க இரண்டு ஆட்களுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. கூலியைக் கணக்குப் பார்த்த முதலாளி அதற்குப் பிறகு ஒரு புளோயரை வாடகைக்கு எடுக்கச் சம்மதித்தார்.

எல்லாச் சரக்குக்கும் காற்று ஒரேபோல் உதவாது. 1973இல் டெரெக் கெல்டார்ட் என்ற ஆய்வாளர் தூள்களை அவற்றின் அளவையும் அடர்த்தியையும் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார். தலைமுடியின் பருமனை ஒட்டிய அல்லது அதைவிடச் சற்றுச் சிறிய துகள்கள் காற்றை ஏற்று அழகாக விரிந்து, காற்றை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கன்டெய்னருக்கு இவை தங்கமான சரக்கு. மணல் போன்றவற்றில் காற்று குமிழியிட்டு வெளியேறிவிடும். நெல், பட்டாணி போன்ற பெருமணிகளைத் தூக்க வினாடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகம் வேண்டும்; அத்தனை காற்றைப் பெட்டிக்குள் செலுத்துவது வீண்செலவு, ஏனெனில் அவை சரிவிலேயே இறங்கிவிடும். ஆகக் கடினமானவை மாவுச்சத்து, மிக நுண்ணிய நிறமிகள் போன்ற ஒட்டும் தூள்கள். இவற்றில் மென்காற்றும்கூட விரிசல் தேடும். அதனால் காற்றை விட்டு விட்டுத் துடிப்பாகச் செலுத்துவதும், காற்று ஓடும்போது மட்டும் லேசான அதிர்வு கொடுப்பதும் வழக்கம். தட்டவே கூடாது என்பதல்ல விதி. காற்று இல்லாமல் தட்டக் கூடாது.

மேஸ்திரி பெட்டியை ஏன் இறக்கச் சொன்னார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். கன்டெய்னரின் கதவுப் பக்கம், அந்தப் பெட்டி சுமக்க வகுக்கப்பட்ட சரக்கு எடையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாங்குமாறு சர்வதேசத் தர விதிகளின்படி சோதிக்கப்படுகிறது. 28 டன் சுமக்கும் பெட்டியில் அது ஏறத்தாழ 11 டன். பெட்டி 40 டிகிரி சாய்ந்து நிற்கும்போது 18 டன் சரக்கின் எடையில் சரிவின் வழியே கதவை நோக்கி இறங்கும் பங்கு 11.5 டன்னைத் தாண்டும். இறுகிய தூளாக இருக்கும்வரை, குதிரில் நடப்பதுபோல், சுவரும் தரையும் அதில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். காற்றைத் திறந்ததும் அந்தப் பிடிப்பு அறுந்துபோகிறது. ஜான்சென் கணக்கு செல்லாது, தண்ணீர்க் கணக்கு வந்துவிடுகிறது. முழுப் பெட்டிச் சரக்கும் ஒரே நேரத்தில் திரவமாகிக் கதவில் மோதினால் சட்டங்கள் வளையும், பூட்டுத் தண்டு பிதுங்கும், எதிரே நிற்பவர் தப்ப வழியில்லை. 25 டிகிரியில் அதே பங்கு எட்டு டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. திரவமான தூள் பக்கவாட்டிலும் அழுத்துவதால் உண்மைச் சுமை இதைவிடக் கூடும் என்றாலும், வேறுபாடு உயிரைக் காக்கும் அளவுக்குப் பெரிது. ஆகவே முறை இதுதான்: தாழ்ந்த சரிவில், வாயை ஒட்டிய பகுதிக்கு முதலில் காற்றூட்டி, சரக்கு குறையக் குறையச் சரிவைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். உச்சச் சரிவு என்பது பெட்டி பெரும்பாலும் காலியான பிறகு வருவது.

இந்த வரிசையை மாற்றிச் செய்து தப்பித்தவர்கள் பலர். தப்பித்ததையே முறை என்று அவர்கள் எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து.

வாயை விட்டு வெளியே வந்த தூள் ஹாப்பர் என்ற புனல் வடிவத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து குழாய் வழியே ஆலையின் சேமிப்புக் கலத்துக்கு ஏற வேண்டும். இங்கே காற்றின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. இம்முறை அது உண்மையாகவே சுமக்கிறது. 1890களில் லண்டனின் மில்வால் கப்பல்துறையில் டக்கம் என்ற பொறியாளர் கப்பலின் வயிற்றிலிருந்து தானியத்தைக் காற்றால் உறிஞ்சி எடுத்த நாளிலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. இன்றைய ஆலைகளில் உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதித் தள்ளும் முறை அதிகம். குழாயில் காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டரை ஒட்டி இருக்கும். மணிக்கு 72 கி.மீ., வாளையாற்றுச் சாலையில் ஓடும் பேருந்தின் வேகம். நான்கு அங்குலக் குழாயில் அந்த வேகத்தில் காற்றின் எடையைப்போல் பத்து மடங்கு தூளை ஏற்றினால் மணிக்கு ஆறேழு டன் நகரும். 18 டன் பெட்டி காலியாக மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். வேகம் குறைந்தால் தூள் கிடைக்குழாயின் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். வேகம் கூடினால் வளைவுகள் தேய்ந்து ஓட்டை விழும். வேகம் இருமடங்கானால் தேய்மானம் நான்கு முதல் எட்டு மடங்காகும். அடைப்புக்கு அஞ்சி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது நம் ஆலைகளின் பொதுக்குணம். வளைவுகளில் ஒட்டுப் போட்ட வெல்டிங் தழும்புகளைப் பார்த்தாலே அந்த ஆலையின் வரலாறு தெரிந்துவிடும்.

ஹாப்பருக்கும் குழாய்க்கும் இடையே ரோட்டரி வால்வு என்ற சுழலும் பூட்டு இருக்கிறது. ராட்டினத் தொட்டிகளைப்போல் அதன் அறைகள் மேலே தூளை வாங்கிக் கீழே குழாயில் கொட்டிவிட்டு மேலேறும். மேலேறும் அறை காலியாக வருவதில்லை. குழாயின் அழுத்தக் காற்றை நிரப்பிக்கொண்டு வருகிறது. இதழ்களின் விளிம்பில் உள்ள இடைவெளி வழியாகவும் காற்று கசியும். இந்தக் காற்று போக வழியின்றி ஹாப்பருக்குள் மேலெழும்பினால், இறங்க வரும் தூளையே எதிர்த்துத் தாங்கி நிறுத்திவிடும். அடியில் காற்றூட்டினால் இளகும் அதே தூள், வாயில் எதிர்க்காற்றுப் பட்டால் நிற்கும் என்பது முரணாகத் தோன்றலாம். காற்று எந்த இடத்தில், எந்தத் திசையில் நுழைகிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வால்வின் பக்கத்தில் ஒரு சிறு வடிகுழாய் வைத்து அந்தக் கசிவை வடிகட்டிப் பைக்குத் திருப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. “சரக்கு மோசம், கட்டி தட்டிப் போச்சு” என்று அனுப்பியவரைத் திட்டும் பல இடங்களில் பழி உண்மையில் இந்த வடிகுழாயின் அடைப்புக்குச் சேர வேண்டியது.

மழைக்காலம் தனிக்கதை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் கொச்சியின் காற்றும் சரி, பாலக்காட்டுக் கணவாயின் மேற்கு வாசலின் காற்றும் சரி, ஈரம் பொதிந்தவை. சோடா ஆஷ் ஈரத்தை வாங்கினால் கல்லாக இறுகும். பால்பவுடரும் சர்க்கரையும் பிசுபிசுக்கும். புளோயரில் அழுத்தப்படும் காற்று 40 டிகிரிக்கும் மேல் கூடுதல் சூடேறி வெளிவருவதால் அந்த நேரத்தில் அது வறண்ட காற்றாகவே நடந்துகொள்ளும். நீண்ட குழாயில் குளிர்ந்த பிறகுதான் தொல்லை தரும். கம்ப்ரசர் காற்றின் நிலை வேறு. எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக் குளிரவிட்ட காற்று தன் ஈரத்தைத் தண்ணீராகவே கக்கிவிடும். பொறியில் அதைப் பிடித்து, உலர்த்தியின் வழியே அனுப்பாவிட்டால் உறைக்குள் மழை பெய்வதற்கு ஒப்பாகும். கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலையில் சிக்கலின்றி ஓடும் ஏற்பாடு, மலைக்கு இந்தப்புறம் சூன் மாதத்தில் திணறுவதற்குக் காரணம் இதுவே.

வெளிக்காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும்போது களத்துமேட்டில் நெல்லைத் தூற்றிய தலைமுறை இன்னும் எங்களிடையே இருக்கிறது. பதர் பறக்கும், மணி காலடியில் விழும். அதே காற்று, நிமிர்த்திய கன்டெய்னரின் அகன்ற பக்கத்தில் மோதும்போது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்துக்கு 200 கிலோவுக்கும் மேற்பட்ட விசையைக் கொடுக்கும். நிறைந்த பெட்டியை அது அசைக்காது. ஆனால் தரை ஒருபுறம் சற்றுத் தாழ்ந்து, சரக்கும் ஒரு பக்கமாகவே ஒட்டிக்கொண்டு நின்றால், தூக்கிய பெட்டியின் எடைமையம் ஏற்கெனவே விளிம்பை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நேரத்தில் 200 கிலோ சிறிய எண் அல்ல. சிமென்ட் தளம் போடாத முற்றத்தில் பெட்டியை நிமிர்த்த ஓட்டுநர் மறுத்தால், அவருடன் வாதாடக் கூடாது.

மாவு, சர்க்கரை, மாவுச்சத்து ஆகியவற்றுக்கு இன்னோர் எச்சரிக்கை உண்டு. இவை காற்றில் மிதக்கும் நிலையில் வெடிக்கக் கூடியவை. 1878இல் மினியாபொலிஸ் நகரின் மாவு ஆலை ஒன்றில் 18 பேரும், 2008இல் ஜார்ஜியா மாநிலத்தின் சர்க்கரை ஆலை ஒன்றில் 14 பேரும் தூசி வெடிப்பில் மாண்டனர். பிளாஸ்டிக் உறையின்மேல் தூள் உராய்ந்து ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். பெட்டி, ஹாப்பர், குழாய் மூன்றையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். சில வேதிப்பொருள்களுக்குக் காற்றையே தவிர்த்து நைட்ரஜனைச் செலுத்துவதும் இதனால்தான். சோடா ஆஷ் வெடிக்காது, ஆனால் கண்ணைப் பதம் பார்க்கும். எந்தச் சரக்கானாலும், நின்றுவிட்டதைக் கிளறிவிட யாரும் உறைக்குள் இறங்கக் கூடாது. சுவராக நிற்கும் தூள் சரிந்தால் மூச்சு முட்டச் சில வினாடிகள் போதும். பூச்சிமருந்துப் புகை போட்டு வந்த பெட்டியானால், தூள் சரியாவிட்டாலும் உள்ளே தங்கிய நச்சுப் புகையே உயிரைப் பறிக்கலாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சுமைத் தொழிலாளிகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது எல்லைப்புறத்தில் இயலாது. 18 டன் என்பது ஐம்பது கிலோ மூட்டையில் 360 மூட்டை. அதை முதுகில் சுமந்து இறக்கியவர்களின் சங்கங்களும், 1978இல் கேரளம் இயற்றிய சுமட்டுத் தொழிலாளர் சட்டமும் இந்தப் பக்கத்து ஆலைகளின் அன்றாடத்தில் ஒரு பகுதி. இயந்திரம் இறக்கும் சரக்குக்கும் வேடிக்கை பார்த்ததற்கான கூலியாக வாங்கப்பட்ட நோக்குகூலியை 2018 மே 1 முதல் மாநில அரசு ஒழித்தது. முதலாளிமார் இதைக் காற்றின் வெற்றியாகப் பேசுவார்கள். எனக்கு அது அரைகுறைக் கணக்காகப் படுகிறது. பன்னிரண்டு பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்கிறார்கள் என்பது உண்மை; அந்த மூவருக்கும் வால்வு வரிசையும் சரிவுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. நான் பார்த்த மேஸ்திரி இருபத்தைந்து ஆண்டுகள் மூட்டை சுமந்தவர். எந்தத் தூள் எந்த மாதத்தில் இறுகும் என்பதை அவர் முதுகால் கற்றவர். அவரைப்போன்றவர்களை வால்வுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் புதிதாக ஆளெடுத்து, அந்தப் புதியவர் கையில் ரப்பர் சுத்தியலைக் கொடுப்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியவில்லை.

அன்று இரண்டரை மணி நேரத்தில் பெட்டியில் பெரும்பகுதி ஓடிவிட்டது. மூலைகளிலும் பக்க மடிப்புகளிலும் நூறு, நூற்றைம்பது கிலோ தங்கியது. அதற்கும் காற்றே உதவியது: உறைக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே இருபுறமும் நீளவாக்கில் வைத்திருந்த இரண்டு பைகளை ஊதினார்கள், அவை உப்ப உப்ப உறையின் பக்கங்கள் நடுவை நோக்கி மடிந்து, ஒதுங்கியிருந்த தூளை ஓடைக்குள் தள்ளின. பெட்டிக்குள் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் காற்று உண்மையிலேயே தள்ளியது. பிறகு உறையை உள்நோக்கிச் சுருட்டி, வாயைக் கட்டி, இழுத்து வெளியே போட்டார்கள். பெட்டிக்குள் ஏறிய மேஸ்திரி தகட்டு மடிப்புகளில் கையால் தடவிப் பார்த்து, விரலை வெளிச்சத்தில் நீட்டினார். அடுத்த நாள் அந்தப் பெட்டி திருப்பூருக்குப் பனியன் ஏற்றப் போகிறது. சோடா ஆஷ் ஒரு கரண்டி ஒட்டியிருந்தாலும் அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார்.